இரண்டு இயர்போன்களை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

பொங்கல் விடுமுறைக்குப் புதுச்சேரி லாசுப்பேட்டையிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா மகன், ஓராண்டு காலம் பணம் சேர்த்து வாங்கிய விலையுயர்ந்த இன்-இயர் (காதுத்துளைக்குள் செருகும் இயர்போன்) ஒன்றை என் கையில் கொடுத்து, நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பழைய இன்-இயருடன் ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்டான். அரை மணி நேரம் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு, அவனுடையதில் பாடகியின் குரல் முன்னே வந்து நிற்கிறது என்றும், மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) ஒலி இன்னும் ஆழமாக இறங்குகிறது என்றும் சொன்னேன். அவனோ, "மாமா, எனக்கு உங்களோடதுதான் நல்லா கேக்குது" என்றான்.

இருவரும் பொய் சொல்லவில்லை. பிறகு பொறுமையாகச் சரிபார்த்தபோது, ஃபோனில் ஒரே வால்யூம் வைத்தாலும் அவனுடைய இயர்போன் என்னுடையதைவிட ஏறத்தாழ 3 டெசிபல் உரக்க ஒலிப்பது தெரிந்தது. அவன் காதுக்குச் சிறியதான டிப் (காதுக்குள் பொருந்தும் முனை உறை) அதில் மாட்டப்பட்டிருந்ததும் தெரிந்தது. இந்த இரண்டையும் சரிசெய்து மீண்டும் கேட்டபோது எங்கள் கருத்துகளில் பாதி மறைந்துவிட்டது; மீதிப் பாதியில் நாங்கள் அப்போதும் வேறுபட்டோம், இன்றும் வேறுபடுகிறோம். மறைந்துபோன பாதியை முன்கூட்டியே நீக்கிவிட்டு, எஞ்சும் பாதியை நம்பகமாகக் கேட்பதற்காக நாங்கள் இருவரும் கடைப்பிடிக்கும் வரிசையையே இங்கே எழுதுகிறேன். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு இயர்போன்கள், ஒரு ஃபோன், ஒரு நோட்டு, கூடவே பொறுமையுள்ள ஒரு துணை இருந்தால் போதும்.

முதல் படி: டிப் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்

இயர்போனின் முனைக்கும் காதுத்துளையின் சுவருக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே வெளியேறிவிடும். பேஸ் இல்லை என்று குறைகூறப்படும் பல இயர்போன்களில் உண்மையில் இருப்பது பேஸ் குறைவன்று, காற்றுக் கசிவுதான். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைப்பு சரியாக இருந்தால் உங்கள் குரல் தலைக்குள்ளேயே முழங்குவதுபோல் கேட்கும். ஒரு பக்கம் முழங்கி மறுபக்கம் முழங்காவிட்டால், முழங்காத பக்கத்தில் டிப் பொருந்தவில்லை என்று பொருள். இரண்டு காதுத்துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு இடப்பக்கம் நடுத்தர அளவும் வலப்பக்கம் பெரிய அளவும் தேவைப்படுகின்றன.

இயன்றால் இரண்டு இயர்போன்களுக்கும் ஒரே வகை டிப்பைப் போடுங்கள். ஃபோம் டிப் உச்ச ஒலிகளைச் சற்றே மழுக்கக்கூடும். ஒன்றுக்கு ஃபோம், மற்றொன்றுக்கு சிலிக்கான் என்று வைத்துக் கேட்டால் நீங்கள் ஒப்பிடுவது டிப்பையா இயர்போனையா என்று சொல்ல முடியாமல் போய்விடும். நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடலோரப் புழுக்கத்தில் கால் மணி நேரத்திலேயே காதுக்குள் வியர்த்து, சிலிக்கான் டிப் மெல்ல வழுக்கி வெளியே வந்துவிடும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் காதைத் துடைத்துக்கொண்டு மாட்டுங்கள். இருவர் ஒரே இயர்போனைக் கேட்பதானால் அவரவர்க்கு அவரவர் டிப் இருப்பதே காதுக்கும் நல்லது.

இரண்டாம் படி: ஒலி அளவைச் சமப்படுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது நம் காதுக்கு உரக்க ஒலிப்பதாகத் தெரிவதில்லை. தெளிவாக, நெருக்கமாக, உயிரோட்டத்துடன் ஒலிப்பதாகவே தெரிகிறது. இதற்கு உடல் சார்ந்த காரணம் இருக்கிறது. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட வளைகோடுகள், மனிதக் காது எல்லாச் சுருதிகளையும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதைக் காட்டின. 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் காது மிகக் கூர்மையானது. தாழ்ந்த ஒலிகளுக்கு, குறிப்பாகச் சத்தம் குறைவாக இருக்கும்போது, அது மந்தமானது. ஆகவே வால்யூமைக் கூட்டினால் எல்லாம் சம அளவில் கூடியதாக நமக்குத் தோன்றாது. பேஸ் மற்றவற்றைவிட அதிகமாக எழுந்து வரும். அன்று நான் வியந்த அந்தத் தொப்பியின் ஆழத்தில் பெரும்பங்கு அந்த 3 டெசிபலுக்கு உரியது.

ஒவ்வோர் இயர்போனுக்கும் உணர்திறன் (ஒரே மின்னழுத்தத்தில் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது) வேறு என்பதால் வால்யூம் எண்ணை ஒன்றாக வைப்பது சமப்படுத்துவதாகாது. 3.5 மி.மீ. துளையிலிருந்து 4.4 மி.மீ. பேலன்ஸ்டு (இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனி இணைப்புள்ள) துளைக்கு மாறியவுடன் இசை விரிந்துவிட்டது என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஃபோனில் செருகி இயர்போனை இணைக்கும் டாங்கிள்கள் பலவற்றில் பேலன்ஸ்டு துளை இருமடங்கு மின்னழுத்தம் தருகிறது. இருமடங்கு மின்னழுத்தம் என்பது 6 டெசிபல் கூடுதல். அதைக் குறைத்துவிட்டுக் கேட்ட பிறகும் விரிவு தெரிந்தால் மட்டுமே அதைப் பற்றிப் பேசலாம்.

சமப்படுத்தும் முறை இது. பிங்க் நாய்ஸ் எனப்படும், மழை இரைச்சலைப்போல் கேட்கும் ஒலிக் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். விரல்நீளத் துண்டு மென்மையான ரப்பர்க் குழாயின் ஒரு முனையில் இயர்போனையும் மறுமுனையில் சட்டையில் குத்தும் சிறிய மைக்கையும் காற்றுப் புகாமல் பொருத்தி, ஒலி அளவு காட்டும் செயலியில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயையும் மைக்கையும் மாற்றாமல் மற்ற இயர்போனைப் பொருத்தி, அதே எண் வரும் வரை வால்யூமைத் திருத்துங்கள். அந்த எண் உண்மையான டெசிபலாக இருக்காது. ஆனால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிய அது போதும். ஃபோனின் வால்யூம் படிகள் பெரும்பாலும் பெரியவை, ஆகவே அரை டெசிபல் அளவுக்கு நுட்பமாகத் திருத்த வசதியுள்ள பிளேயர் செயலியைப் பயன்படுத்துங்கள்.

மைக் இல்லாதவர்கள் காதாலேயே செய்யலாம். பக்கவாத்தியம் குறைந்த ஒரு குரல் பாடலை எடுத்து, குரல் மட்டும் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும் வரை திருத்துங்கள். ஒரு முறை குறைந்த வால்யூமிலிருந்து ஏறியும், ஒரு முறை அதிக வால்யூமிலிருந்து இறங்கியும் செய்து, கிடைக்கும் இரண்டு இடங்களின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு மிதமாகவே இருக்கட்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 90 டெசிபலில் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

மூன்றாம் படி: நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுங்கள்

ஓடும் மின்விசிறி மெல்லிய ஒலிகளை மூடிவிடும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் வண்டிகள் ஓடாவிட்டாலும், அலையின் இரைச்சல் ஓயாது. அங்கே அமர்ந்து கேட்பது மகிழ்ச்சிக்கு உகந்தது, ஒப்பீட்டுக்கு உகந்ததன்று. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை பாட்டு அலறும் பேருந்தில் நின்றுகொண்டே வந்த காது சில மணி நேரம் மந்தமாக இருக்கக்கூடும். அப்படி வந்த அன்று எதையும் தீர்ப்பளிக்காதீர்கள். மார்கழி விடியற்காலையும் எங்கள் தெருவில் உதவாது, கோவில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும். இரவு 10 மணிக்குமேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் கேட்டு ஐந்து நிமிடம் ஓய்வு கொடுப்பது எங்கள் வழக்கம். சளி பிடித்திருந்தால் அது தீரும்வரை காத்திருங்கள்.

நான்காம் படி: உங்களுக்குத் தெரிந்த ஒலிகளைக் கொண்டு சோதியுங்கள்

வெளிநாட்டு விமரிசகர்கள் தரும் பாடல் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கருவிகள் நேரில் எப்படி ஒலிக்கும் என்று நமக்குத் தெரியாவிட்டால், பதிவில் எது சரி, எது மிகை என்று நம் காது எப்படி அறியும்? திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் கோவில் திருவிழாவில் தவிலுக்கு எதிரே நின்று கேட்டவருக்கு, வலப்பக்கம் விரல் கூடுகள் விழும் கூர்மையும் இடப்பக்கம் கழி விழும் கனமும் தனித்தனியே மனத்தில் பதிந்திருக்கும். அந்த நினைவே உங்கள் அளவுகோல். பதிவு செய்த மைக்கும் கலவை செய்தவரும் ஒலியை மாற்றியிருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு இயர்போன்களுக்கும் அந்தப் பதிவு ஒன்றே.

நான் நான்கு வகை ஒலிகளை வைத்துக்கொள்கிறேன். முதலாவது தம்புரா மட்டும் ஒலிக்கும் பதிவு. தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே செருகிய ஜீவா நூலால் எழும் ரீங்காரம் மேல்சுரங்கள் நிறைந்தது; உச்ச ஒலிகளில் மேடுபள்ளம் உள்ள இயர்போனில் அந்த ரீங்காரத்தின் ஒரு பகுதி மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். இரண்டாவது மிருதங்கத் தனி ஆவர்த்தனம்: தொப்பியின் கும்கி (அதில் வளைந்து எழும் தாழ்ந்த ஒலி) எவ்வளவு ஆழம் என்பதைவிட, அது எழுந்து எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கேளுங்கள். அது அடங்காமல் பரவி வலந்தலையின் (வலப்பக்கத்தின்) நாதத்தை மூடினால் அங்கே பேஸ் மிகை. மூன்றாவது ஒரு பெண் குரல். "ச", "ஸ" வரும் இடங்களில் காதில் குத்துகிறதா என்று பாருங்கள். நான்காவது, பள்ளி நாளிலிருந்து நீங்கள் நூறு முறை கேட்ட ஏதேனும் ஒரு சினிமாப் பாடல். அது நல்ல பதிவாக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

ஐந்தாம் படி: ஒரு நேரத்தில் ஒரே கேள்வி

ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளே தங்கும். இயர்போனைக் கழற்றி மற்றொன்றை மாட்டவோ அரை நிமிடம் ஆகிறது. ஆகவே பாடல் முழுவதையும் கேட்டுவிட்டு ஒப்பிடுவதில் பயன் குறைவு. 15 நொடித் துண்டு ஒன்றைத் தேர்ந்து, "குத்துகிறதா?" என்பதுபோல் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, முதல் இயர்போன், இரண்டாவது, மீண்டும் முதலாவது என்று கேளுங்கள். திரும்ப வரும்போது முதலில் தோன்றியது மாறியிருந்தால் அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள்.

விலையை அறிந்த மனம் காதுக்கு முன்னே ஓடும் என்பதால் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கலாமே என்று கேட்பீர்கள். இன்-இயரில் அது முழுமையாக இயலாது. எடையும் காதில் அமரும் விதமுமே எது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒரே இயர்போனில் டாங்கிளையோ பாட்டுக் கோப்பின் தரத்தையோ ஒப்பிடும்போது மறைத்துச் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். துணைக்கு இருப்பவர் நாணயம் சுண்டி மாற்றட்டும். நீங்கள் 10 முறை எது என்று சொல்லுங்கள். வெறும் ஊகத்திலேயே 8 அல்லது அதற்குமேல் சரியாக வர நூற்றில் ஐந்துக்குச் சற்று மேலான வாய்ப்பு உண்டு. 9 அல்லது அதற்குமேல் வர அது நூற்றில் ஒன்றாகக் குறையும். ஆகவே ஒன்பதை எட்டினால்தான் வேறுபாடு கேட்கிறது என்று நான் எழுதுவேன்.

இந்தச் சிறு துண்டுச் சோதனை முடிந்த பிறகு ஒவ்வொன்றையும் ஒரு வாரம் தனியாகப் பயன்படுத்துங்கள். காதின் களைப்பு அப்போதுதான் தெரியும்.

ஆறாம் படி: கருத்து வேறுபாட்டை எப்படிப் புரிந்துகொள்வது

இவ்வளவுக்கும் பிறகு எனக்கும் அக்கா மகனுக்கும் எஞ்சிய வேறுபாடு, அவனுடைய இயர்போனில் "ஸ" ஒலி எனக்குக் குத்துகிறது, அவனுக்குக் குத்தவில்லை என்பதே. காதுத்துளை ஏறத்தாழ 25 மி.மீ. நீளமுள்ள குழல். இயர்போன் அதை அடைத்தவுடன், முனைக்கும் செவிப்பறைக்கும் இடையே எஞ்சும் சிறு காற்றறையில், ஒரு குறிப்பிட்ட சுருதியை மட்டும் உரக்கச் செய்யும் ஓர் ஒத்ததிர்வு எழுகிறது. எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து அது 6,000 ஹெர்ட்ஸிலோ 9,000 ஹெர்ட்ஸிலோ இருக்கலாம். "ஸ" ஒலியின் வீரியமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே இயர்போன் இரண்டு காதுகளில் உண்மையிலேயே இரண்டு விதமாக ஒலிக்கிறது. இது ரசனை வேறுபாடு மட்டுமன்று. வயதும் சேர்ந்துகொள்கிறது, உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன் ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.

இயர்போன் எந்தச் சுருதியை எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் வரைபடங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். 60711 என்ற தர எண்ணால் அறியப்படும் செயற்கைக் காதில் அளந்த கோட்டில் 8,000 ஹெர்ட்ஸ் அருகே தெரியும் மேடு பெரும்பாலும் அந்தக் கருவியின் ஒத்ததிர்வு, உங்கள் காதினுடையதன்று. அதற்குக் கீழே உள்ள பகுதியை, குறிப்பாகப் பேஸையும் குரல் பகுதியையும், நம்பிப் படிக்கலாம். ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவும் ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் அவருடன் பணியாற்றியவர்களும் பலரைக் கேட்கவைத்து உருவாக்கிய இலக்குக் கோடு பெரும்பாலோரின் விருப்பத்தைச் சொல்கிறது. அவர்கள் சோதனைகளிலேயே கூடுதல் பேஸ் விரும்பியவர்களும் குறைந்த பேஸ் விரும்பியவர்களும் தனிக் குழுக்களாகத் தெரிந்தார்கள்.

ஏழாம் படி: எழுதிவையுங்கள்

"வார்ம்", "பிரைட்" போன்ற சொற்கள் ஆளுக்கு ஆள் பொருள் மாறுகின்றன. நம் மொழியில் ஒலிக்கு எவ்வளவோ சொற்கள் இருக்கின்றன: கணீர், கம்மல், கரகரப்பு, இழைவு, கார்வை, முழக்கம், மந்தம். அவற்றை எந்தக் கருவியில், எந்த நொடியில் கேட்டீர்கள் என்பதோடு சேர்த்து எழுதினால், படிப்பவர் அதே இடத்தைத் தம் காதால் சரிபார்க்க முடியும். அன்றிரவு மூன்றாம் முறை கேட்டபின் என் நோட்டில் நான் எழுதியது இது:

"அவனுடையது. வலம் பெரிய டிப், இடம் நடுத்தரம், இரண்டும் சிலிக்கான். குரலை வைத்துச் சமப்படுத்தியது. தம்புரா: பஞ்சமத் தந்தியின் ரீங்காரம் என்னுடையதைவிட நீளமாகக் கேட்கிறது, மூன்று முறையும். மிருதங்கம்: கும்கி இரண்டிலும் ஒன்றே; முதலில் சொன்னது தவறு. பெண் குரல்: 1 நிமிடம் 12ஆம் நொடியில் 'ஸ' குத்துகிறது, இன்னும் சற்று உள்ளே அழுத்தினால் குறைகிறது. அவனுக்கு இரண்டு நிலையிலும் குத்தவில்லை."