சரக்கு ஏறினால் மட்டும் அணையும் பின்விளக்கு

துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றியதும் டிரெய்லரின் பின்விளக்குகள் அணைந்துவிடும்; காலியாக ஓட்டினால் ஒழுங்காக எரியும். பல்பு, ஃபியூஸ் மாற்றியாயிற்று. இணைப்புக் கேபிளையே புதிதாகப் போட்டும் பயனில்லை.

துப்புக் கொடுத்தது இண்டிகேட்டர்தான். சரக்கோடு நிற்கையில் பிரேக்கை மிதித்தால் அது மங்கலாக மினுக்கியது. எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, விட்டுப்போனால் அது வேறு பல்பின் வழியாகத் திரும்பப் பார்க்கும். தேடிப் பார்த்தால், எர்த் கம்பியைச் சேஸிஸில் (டிரெய்லரின் அடிச்சட்டத்தில்) முடுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் துரு. எடை ஏறிச் சேஸிஸ் சற்றே வளைந்ததும் தொடர்பு அறுந்திருக்கிறது. காலி டிரெய்லரைச் சோதிக்கும் எந்த மெக்கானிக்குக்கும் இது சிக்காது.

உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்கி, கிரீஸ் பூசினேன். முன் சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து பின்விளக்கு வரை தனிக் கம்பியும் இழுத்துவிட்டேன். அப்பாடா, இப்போது முழு எடையிலும் எரிகிறது.