சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லையா?
சாவியைத் திருப்பியும் கார் எஞ்சின் சுழலவில்லை என்றதும் புதிய பேட்டரி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது அதன் முனைகளில் இணைப்பு சரியில்லை. டக் டக் டக்கென்று விடாமல் சத்தம் வந்தாலும் பெரும்பாலும் இதே சங்கதிதான்.

முனைகளைத்தான் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்பைக் கையால் அசைத்தால் நகரக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் கையில் இருந்தால் ஊகமே தேவையில்லை. வண்டி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.

விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சந்தேகம் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் மீதோ, அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சொலினாய்டு மீதோ திரும்ப வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை.

சத்தமே இல்லையா? ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலுக்கு மாற்றி முயலுங்கள். மற்றவற்றில் கிளட்சை அடிவரை மிதியுங்கள். அடுத்து ஸ்டார்ட்டருக்கான ஃபியூஸையும், மின் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். சாவிப் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு மினுக்கினால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) சாவியை ஏற்கவில்லை என்று பொருள். மாற்றுச் சாவியால் முயன்று பாருங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தை ஆட்டோமேட்டிக் வண்டியிடம் பலிக்காது.