கோத்தகிரில இருந்து சென்னைக்கு காலேஜ் தேடுறவங்களுக்கு, ஒரு அக்கா சொல்றது

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா நம்ம ஊர்ல ஒரே கேள்வி தான், கோயம்புத்தூரா சென்னையானு. சென்னைனு முடிவாயிடுச்சுனா காலேஜ் பேர கொஞ்சம் ஓரமா வச்சுட்டு ரெண்டு விஷயம் கேளுங்க. கெடச்ச சீட்டு எய்டடா (அரசாங்க உதவில நடக்குறது), செல்ஃப் ஃபைனான்ஸா (காலேஜே ஃபீஸ் வாங்கி நடத்துறது)? ராத்திரி எங்க தூங்க போறோம்?

எனக்கு இத யாரும் சொல்லல. பெரிய பேரு இருக்குற காலேஜ்ல பி.காம் கெடச்சுருச்சுனு அப்பா டீக்கடைல எல்லாருக்கும் வாங்கி குடுத்தாரு, ஃபீஸ் கட்ட போன அன்னிக்கு தான் தெரிஞ்சுது அது ரெண்டாவது ஷிஃப்ட், செல்ஃப் ஃபைனான்ஸ், அதே பில்டிங் அதே டிகிரி ஆனா ஃபீஸ் மட்டும் பல மடங்கு, அதுலயும் ஹாஸ்டல்ல எடமில்லனுட்டாங்க. நாங்க பறிச்சு போடுற பசுந்தேயிலைக்கு காசு ஃபேக்டரில மாசத்துக்கு ஒருக்கா தான் வரும், காலேஜ்காரங்க அதுக்கா காத்திருப்பாங்க? அதனால அப்ளிகேஷன் போடும்போதே எந்த ஷிஃப்ட்டுனு பாத்து டிக் பண்ணுங்க.

கவர்மென்ட் காலேஜ்னா மூஞ்ச சுளிக்காதீங்க. பிரசிடென்சி 1840ல ஆரம்பிச்சது, குவீன் மேரீஸ் 1914, ரெண்டும் மெரினாவுக்கு எதுத்தாப்ல. ஃபீஸ் ரொம்ப கம்மி, அரசு கலைக் கல்லூரி எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஆன்லைன் அப்ளிகேஷன். ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண், பையன்களுக்கு தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும். இன்ஜினியரிங்னா அதே பசங்களுக்கு 7.5 சதவீத கோட்டா இருக்கு, அதுல சீட்டு கெடச்சா ஹாஸ்டல் ஃபீஸ் வரைக்கும் அரசாங்கமே கட்டிடும், இத விட்டுடாதீங்க.

இன்ஜினியரிங் பசங்களுக்கு இன்னொன்னு. "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்"னு யாராவது சொன்னா யுனிவர்சிட்டியோட சொந்த கேம்பஸா, அஃபிலியேட்டடா (அதோட இணைஞ்ச வேற காலேஜா)னு கேளுங்க. சென்னைல கேம்பஸ்னா கிண்டியும் குரோம்பேட்டை எம்.ஐ.டியும் தான். அப்புறம் பேனர்ல சென்னைனு பெருசா போட்டுருப்பாங்க, அட்ரஸ படிச்சா ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் மாவட்டம்! மேட்டுப்பாளையத்த ஊட்டினு சொல்ற மாதிரி தான். பேனர்ல இருக்குற பெரிய சம்பளத்தையும் நம்பாதீங்க, என்.ஐ.ஆர்.எஃப்க்கு (மத்திய அரசோட காலேஜ் ரேங்கிங்) காலேஜே குடுத்த டேட்டா ஆன்லைன்ல கெடக்கும், அதுல மீடியன் சம்பளம் (எல்லார் சம்பளத்தையும் வரிசையா வச்சா நடுவுல வர்றது) எவ்ளோ, எத்தன பேர் மேல படிக்க போனாங்கனு பாருங்க.

நேர்ல பாக்க போனா மே மாசம் போங்க, அக்னி நட்சத்திரத்துல, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் ரூமுக்குள்ள அஞ்சு நிமிஷம் நில்லுங்க. ஃபேனே இல்லாம வளந்த உடம்பு நம்மளது, எனக்கு முதல் மாசம் பூரா வேர்க்குரு. தண்ணி எப்ப வரும், லாரி தண்ணியானு வார்டன் கிட்ட கேக்காதீங்க, துணி காயப்போடுற அக்காங்க கிட்ட கேளுங்க. மரம் இல்லாம இருக்க முடியாதுங்கறவங்க தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ் போய் பாக்கலாம், 300 ஏக்கருக்கு மேல, உள்ள மான் எல்லாம் இருக்கு. வெளிய தங்குற மாதிரி இருந்தா பீச்–தாம்பரம் ட்ரெயின் லைன் பக்கமா ரூம் பாருங்க, சீசன் டிக்கெட் எடுத்துட்டா செலவு கம்மி, லயோலாவுக்கு நுங்கம்பாக்கம் ஸ்டேஷன்ல இறங்குனா போதும். பொண்ணுங்களுக்கு சாதா டவுன் பஸ் ஃப்ரீ.

சர்டிபிகேட் எல்லாம் இப்பவே எடுத்து வைங்க. தோடர், கோத்தர், இருளர், பணியர் பசங்களுக்கு எஸ்.டி சர்டிபிகேட் ஆர்.டி.ஓ (வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்) தான் தரணும், தாசில்தார் ஆபீஸோட முடியாது, அதுக்கு நாள் ஆகும். வீட்ல நீங்க தான் முதல் டிகிரினா முதல் பட்டதாரி சர்டிபிகேட்டும் வாங்கிடுங்க.

சேந்த உடனே தீபாவளிக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட நாள் எண்ண ஆரம்பிச்சுடுங்க, 60 நாளைக்கு முன்னாடி தான் ஓப்பன் ஆகும். காலைல மேட்டுப்பாளையம் இறங்குனதும் ஓடிப்போய் பஸ் புடிங்க, ஏன்னா மழைல குன்னூர் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருந்துதுனா ஊட்டி பசங்க எல்லாம் கோத்தகிரி பஸ்ல ஏறி நம்ம சீட்ட புடிச்சுருவாங்க.