யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையில் சதவீதம் குறைந்துவிட்டதா? விண்ணப்பம் முதல் மேல்முறையீடு வரை

மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டு அண்ணன் போட்ட மனு ‘40 சதவீதத்துக்குக் கீழ்’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. விபத்தில் அவருக்கு வலது கால், இடது மணிக்கட்டு இரண்டுமே பாதிக்கப்பட்டிருந்தன. ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழில் இருந்தது 35. அதை 44 ஆக்க நாங்கள் அலைந்த கதைதான் இது. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

படி 1: விண்ணப்பம்

சான்றிதழுக்கும் அட்டைக்கும் ஸ்வாவ்லம்பன் என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, மருத்துவ அறிக்கைகள் போதும். போனில் செய்யாதீர்கள், பாதியில் நின்றுபோனால் எரிச்சல்தான் மிஞ்சும். கம்ப்யூட்டர் இல்லையென்றால் இ-சேவை மையம் போங்கள். கடைசியில் வரும் பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

படி 2: மருத்துவக் குழு

சதவீதத்தை மதிப்பிடுவது இவர்கள்தான். எல்லா அறிக்கைகளையும் அசலோடு எடுத்துப் போங்கள். குறைபாடு ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அண்ணன் கூச்ச சுபாவம். டாக்டர் காலைப் பார்த்தார், இவர் காலைக் காட்டினார். கை சட்டைக்குள்ளேயே இருந்துவிட்டது.

படி 3: சான்றிதழை வரி வரியாகப் படியுங்கள்

நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டோம். எந்த உடல் பாகத்துக்கு அந்தச் சதவீதம் என்று எழுதும் இடம் ஒன்று அதில் உண்டு. அங்கே ‘வலது கால்’ என்று மட்டும்தான் இருந்தது. மூன்றாவது தடவை படிக்கும்போது அண்ணிதான் கண்டுபிடித்தார்.

கையையும் சேர்த்தால் எவ்வளவு வரும்? காலுக்கு 35, கைக்கு 15 என்றால் 50 என்று நினைப்போம். அரசு வழிகாட்டுதலில் கணக்கு வேறு. பெரிய எண்ணை 90-இலிருந்து கழிக்க வேண்டும்: 55. அதைச் சிறிய எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 9.17. அதைப் பெரிய எண்ணோடு கூட்டினால் 44.17. ஐம்பது வராவிட்டாலும் 40-ஐத் தாண்டிவிட்டது, அது போதும்.

படி 4: எதை எதிர்த்து மேல்முறையீடு?

உதவித்தொகை மறுப்பை எதிர்த்து இரண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம். வீண். அந்த அலுவலகம் சதவீதத்தை மாற்ற முடியாது. சண்டை போட வேண்டியது சான்றிதழோடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59 அதற்குத்தான் இருக்கிறது. அவகாசம் எத்தனை நாள் என்பது மாநில அரசின் விதிகளில் இருக்கும்; சான்றிதழ் முடிவு வந்த தேதியிலிருந்து கணக்கு. உதவித்தொகை மறுத்த தேதியிலிருந்து அல்ல, கவனம். எங்களுக்கு அப்போது 19 நாள்தான் மிச்சம் இருந்தது.

மேல்முறையீட்டு அதிகாரி யார் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனு ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். குடும்பக் கஷ்டத்தை எழுதாதீர்கள் (நான் முதலில் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன்). இப்படி எழுதினோம்: “சான்றிதழில் வலது கால் மட்டும் குறிப்பிடப்பட்டுள்ளது. இடது மணிக்கட்டுக் குறைபாடு மதிப்பிடப்படவில்லை. அறிக்கை இணைப்பு 3. மறுமதிப்பீடு கோருகிறேன்.” நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கினோம். என்னைக் கேட்டால் தபாலை விட இதுதான் நல்லது.

கூடவே, மதிப்பீட்டுத் தாளின் நகல் கேட்டு அண்ணன் பெயரில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போட்டோம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். அது வரட்டும் என்று மேல்முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கெடு போய்விடும்.

மறுமதிப்பீட்டுக்கு அழைத்தபோது அண்ணன் அரைக்கைச் சட்டை போட்டுப் போனார்.

பிற்சேர்க்கை: படித்த இருவர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள்: ஆதாரில் இனிஷியல் பின்னால், மருத்துவச் சீட்டில் முன்னால், அல்லது இல்லவே இல்லை. விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரில் இருப்பதுபோல் மருத்துவமனையில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொருவருக்கு வந்தது தற்காலிகச் சான்றிதழ். அதில் காலாவதித் தேதி இருக்கும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்.