இடுக்குகளுக்கும் மெருகு: காந்த பாலிஷ் மெஷினை நாமே செய்வது எப்படி?

வெள்ளி மோதிரத்தின் வெளிப்பக்கத்தைத் துணிச்சக்கரத்தில் காட்டினால் ஐந்து நிமிடத்தில் பளபளத்துவிடும். கஷ்டம் இடுக்குகளில்தான். முறுக்குக் கம்பிகளுக்கு நடுவிலும், கல் பதிக்கும் கிண்ணத்தின் அடியிலும், பற்றவைத்தபோது படிந்த கறுப்பு அப்படியே நிற்கும். பிரஷ் நுழையாது, குச்சியும் நுழையாது. அந்தக் கறுப்புக்காகத்தான் இந்த மெஷினைச் செய்தேன். இப்போது கடைசி மெருகுக்கு நான் நாடுவது இதைத்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகள். டப்பாவுக்கு அடியில் காந்தங்கள் பதித்த தட்டு சுழல்கிறது. வடதுருவம் கடக்கும்போது ஊசி ஒரு பக்கம் புரளும், பின்னாலேயே தென்துருவம் வந்ததும் மறுபக்கம் புரளும். இப்படி ஓயாமல் துள்ளும் ஊசிகள் பொருளைத் தட்டித் தட்டி மேற்பரப்பை அமுக்கி மெருகேற்றுகின்றன. உலோகத்தை அரைத்து எடுப்பதில்லை. அதனால் ஆழமான கீறல் போகாது, கீறலும் சேர்ந்து மின்னும். உப்புத்தாள் வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

வெள்ளி, பித்தளை, செம்பு, தங்கம் எல்லாம் போடலாம். இரும்பு, நிக்கல் கூடாது, காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். முத்து, ஓபல், பசை போட்டு ஒட்டிய கல் இருந்தால் உள்ளே விடவே வேண்டாம்.

வேண்டியவை

12 வோல்ட் டிசி மோட்டார், 5 ஆம்பியர் அடாப்டர், ஸ்பீடு கன்ட்ரோலர், மோட்டார் அச்சில் மாட்டித் தட்டைப் பிடித்துக்கொள்ளும் சிறிய ஃபிளாஞ்ச். 2 மி.மீ. தடிமனில் 12 செ.மீ. விட்டமுள்ள இரும்புத் தட்டு, அதே அளவில் 5 மி.மீ. பிளைவுட் வட்டம். 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமனில் ஆறு நியோடிமியம் காந்தங்கள். எபாக்சி பசை. 3 மி.மீ. அக்ரிலிக் தகடு. பெட்டி செய்யப் பலகை.

மோட்டாரில் சிக்கனம் பார்க்காதீர்கள். கம்ப்யூட்டர் ஃபேன் மோட்டாரில் செய்பவர்கள் உண்டு, ஆனால் இந்தத் தட்டின் கனத்துக்கு அது போதாது. அதிவேக மோட்டாரைக் கன்ட்ரோலரால் அடக்கி ஓட்டுவதைவிட, நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குள் ஓடும் நிதானமான மோட்டார் நல்லது. ஊசி 0.5 மி.மீ. தடிமன், 5 மி.மீ. நீளம் வாங்குங்கள். 0.3 ஊசி இன்னும் நுணுக்கமான இடத்துக்குப் போகும் என்பது உண்மை, ஆனால் சீக்கிரம் வளைந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் இழுக்காதே என்று சந்தேகம் வரலாம். அதில் பரவலாகப் புழங்கும் 304 ரகத்தை, சூடாக்கி மென்மையாக்கிய நிலையில் ஏறக்குறைய இழுக்காது. அதையே குளிர்ந்த நிலையில் கம்பியாக இழுக்கும்போது உள்கட்டமைப்பு ஓரளவு மாறிக் காந்தத்துக்கு வசப்படுகிறது. ஊசிகள் துள்ளுவதற்கு அதுதான் காரணம்.

காந்தத் தட்டு

மெஷினின் உயிர் இதில்தான். என் முதல் தட்டில் நான்கு காந்தங்களைச் சம தூரத்தில் ஒட்டி ஓட்டினேன். ஊசிகள் எல்லாம் வட்டமாக எழுந்து நின்று, லேசாக நடுங்கிக்கொண்டு, அப்படியே இருந்தன. மோட்டார் வேகத்தைக் கூட்டினேன், சோப்பைக் கூட்டினேன், ஊசியைக் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு திசைகாட்டியைத் தட்டின் மேல் மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். நான்கு காந்தத்துக்கும் முள்ளின் ஒரே முனைதான் திரும்பியது. நான்கிலும் ஒரே துருவம் மேலே! துருவம் மாறாவிட்டால் ஊசி புரளக் காரணமே இல்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஆறு காந்தங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். தானாக ஒட்டும் அந்த அடுக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே துருவம்தான் மேலே இருக்கும். மேல் காந்தத்தின் முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள், பக்கவாட்டில் தள்ளி எடுங்கள், அடுத்ததில் புள்ளி, அடுத்ததில் புள்ளி. பிறகு தட்டில் பதிக்கும்போது புள்ளி மேலே, புள்ளி கீழே, புள்ளி மேலே என்று மாற்றி மாற்றி வையுங்கள். பசை போடும் முன் திசைகாட்டியால் ஒரு தடவை சரிபாருங்கள்.

ஏன் ஆறு? எல்லாம் ஒரே வட்டத்தில் இருந்தால் டப்பாவின் நடுவில் ஊசி அசையாது. அதற்காகக் காந்தங்களை மையத்திலிருந்து 2.5, 3.5, 4.5 செ.மீ. என்று வெவ்வேறு தூரத்தில் வைக்க வேண்டும். எதிரெதிரே உள்ள இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால்தான் தட்டு ஆடாமல் சுற்றும். நான்கு காந்தத்தில் எதிரெதிர் இரண்டும் ஒரே துருவமாக வந்துவிடும், அந்தத் தூரத்தில் துருவ மாற்றம் கிடைக்காது. ஆறில் எதிரே இருப்பது எப்போதும் மாற்றுத் துருவம். 60 டிகிரிக்கு ஒன்றாக 2.5, 3.5, 4.5, மறுபடி 2.5, 3.5, 4.5 என்று வைத்தால் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு வடக்கு, ஒரு தெற்கு. எடையும் சமம்.

பிளைவுட்டில் அந்த ஆறு இடங்களிலும் 20 மி.மீ. துளை போட்டு, இரும்புத் தட்டின் மேல் வைத்து ஒட்டி, துளைகளுக்குள் எபாக்சியோடு காந்தங்களை இறக்குங்கள். வெறும் தட்டில் ஒட்டினால் பசை காய்வதற்குள் காந்தம் நழுவிப் பக்கத்துக் காந்தத்தோடு போய் ஒட்டும். அடியில் இரும்பு இருப்பதால் மேல்பக்கக் காந்தப்புலமும் வலுவாகும். சூப்பர் க்ளூ மட்டும் போட்டு விடாதீர்கள். நிமிடத்துக்கு 1500 சுற்றில், 4.5 செ.மீ. தூரத்தில் உள்ள 12 கிராம் காந்தத்தை வெளியே இழுக்கும் விசை சுமார் 1.3 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்குவது பிளைவுட் துளையின் சுவர்தான்.

நியோடிமியம் காந்தங்கள் மோதினால் சில்லாகத் தெறிக்கும், விரல் நடுவில் மாட்டினால் ரத்தம் கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகக் கையாளுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பெட்டி

மோட்டாரை அச்சு மேலே பார்க்கும்படி அடிப்பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். தட்டுக்கும், டப்பா உட்காரும் மேல் அக்ரிலிக் தகட்டுக்கும் நடுவில் 2 மி.மீ. இடைவெளி போதும். காந்தத்திலிருந்து டப்பாவின் உள்தளம் வரை மொத்தம் 7 மி.மீ. தாண்டக் கூடாது. தூரம் கூடினால் இழுப்பு மளமளவென்று குறையும். தகட்டின் ஓரங்களைச் சிலிகானால் அடைத்துவிடுங்கள், சிந்தும் தண்ணீர் மோட்டாருக்கு இறங்கக் கூடாது. பக்கப் பலகைகளில் காற்றுத் துளைகள் வையுங்கள். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் பலம் இழக்கத் தொடங்கும்.

ஓட்டுவது

100 கிராம் ஊசி, பொருள் மூழ்கி மேலே 2 செ.மீ. நிற்கும் அளவு தண்ணீர், மூன்று சொட்டு சோப்பு. மூடியைப் போட்டு மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். முதலில் ஊசிகள் ஊர்ந்து சுற்றும். ஒரு கட்டத்தில் சட்டென்று தண்ணீர் முழுக்க வெள்ளிப் பொடி கொதிப்பதுபோல எழும், மழை ஓட்டில் விழுவது போன்ற சத்தம் வரும். அந்த வேகத்திலேயே ஓடவிடுங்கள், அதற்கு மேல் தேவையில்லை. 15 நிமிடம் கழித்து மோட்டாரை நிறுத்தி, அதன் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் போட்டு எதிர்த்திசையில் இன்னொரு 15 நிமிடம். தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டால் மாற்றுங்கள்.

ஊசிகளை எடுக்க, ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி டப்பாவுக்குள் விடுங்கள். கவரைப் பிடித்துக்கொண்டு காந்தத்தை மட்டும் உருவினால் ஊசிகள் உதிர்ந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசித் துணியில் பரப்பிக் காயவைத்த பிறகே மூடி வையுங்கள்.

பிறகு சேர்த்தது

எல்லாம் சரியாகச் செய்தும் ஊசி துள்ளவில்லை என்று இருவர் எழுதினார்கள். ஒருவருடைய டப்பாவின் அடியில் 4 மி.மீ. உயர விளிம்பு இருந்தது, அதை அரம் வைத்து ராவியதும் ஓடியது. மற்றவர் அலுமினியப் பாத்திரத்தை வைத்திருந்தார். சுழலும் காந்தம் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். பாத்திரம் சூடாகும், மோட்டார் திணறும், ஊசிக்கு விசை போய்ச் சேராது. டப்பாவும் மேல்தகடும் உலோகமாக இருக்கவே கூடாது.

இன்னொருவருக்கு வெள்ளி ரோஸ் நிறமாக வந்தது. பற்றவைத்த பொருளை அமிலத்தில் போட்டு எடுத்து, சரியாக அலசாமல் உள்ளே விட்டிருக்கிறார். அந்த அமிலத்தில் கரைந்திருக்கும் செம்பு, ஸ்டீல் ஊசியோடு சேர்ந்ததும் வெள்ளியின் மேல் படிந்துவிடும். சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் முக்கி, இடுக்குகளில் பிரஷ் போட்டு அலசிவிட்டு மெஷினில் போடுங்கள்.