போட்டோவை வெட்டும்போதும் சுருக்கும்போதும் எங்கே கெடுகிறது?

‘போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும்’ என்று ஆன்லைன் விண்ணப்பம் கேட்டுவிட்டால், சென்னையின் பிரவுசிங் சென்டர்களில் முதலில் பலியாவது படத்தின் குவாலிட்டிதான். மொபைலில் எடுத்த 4000×3000 பிக்சல் படத்தை அப்படியே திறந்து, சேவ் செய்யும்போது குவாலிட்டியை அடிமட்டத்துக்கு இறக்குகிறார்கள். ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. ரொம்ப அழுத்தினால் அந்தக் கட்டங்கள் கன்னத்திலும் நெற்றியிலும் அப்பட்டமாகத் தெரியும். அப்படியும் 50 கேபிக்குள் வராது. பிறகு ஏதோ ஒரு கம்ப்ரஸ் இணையதளத்தைத் தேடி, அடையாளப் புகைப்படத்தை முன்பின் தெரியாத சர்வரில் ஏற்றுவார்கள்.

இறக்க வேண்டியது பிக்சல் எண்ணிக்கையை. 3.5×4.5 செ.மீ. போட்டோவுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கணக்கில் 413×531 பிக்சல் போதும். முதலில் கிராப் கருவியில் 35:45 விகிதத்தைப் போட்டு முகத்தையும் தோளையும் மட்டும் வெட்டுங்கள். அடுத்து அகலத்தை 413 ஆக்குங்கள். கடைசியில் குவாலிட்டி நூற்றுக்கு 80-ஐ ஒட்டிச் சேவ் செய்தால், பின்னணி வெறுமையாக இருக்கும் படம் பெரும்பாலும் 50 கேபிக்குள் அடங்கிவிடும். இல்லையென்றால் ஐந்தைந்தாகக் குறைத்துப் பாருங்கள். கையெழுத்துக்கும் இதே வழிதான்: சுற்றியுள்ள வெள்ளைத் தாளை வெட்டிய பிறகே சுருக்க வேண்டும்.

அடுத்த குழப்பம் டிபிஐ. பிரஸ்ஸில் ‘300 டிபிஐயில் கொடுங்க’ என்றதும், ஃபோட்டோஷாப்பின் இமேஜ் சைஸ் பெட்டியில் 72 என்று இருப்பதை 300 என்று மாற்றி, வேலை முடிந்தது என நினைப்பவர்கள் நிறைய. அந்தப் பெட்டியில் ‘ரீசாம்பிள்’ டிக் ஆகியிருந்தால், மென்பொருள் அகலத்திலும் உயரத்திலும் நான்கு மடங்குக்கு மேல் பிக்சல்களை ஊகித்து நிரப்பும். படம் பெரிதாகும், ஆனால் மழுங்கலாக. டிக்கை எடுத்துவிட்டால் ஒரு பிக்சல்கூட மாறாது; எத்தனை அங்குலத்தில் அச்சாகும் என்ற குறிப்பு மட்டுமே மாறும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இந்த இரண்டும் தனித்தனி: ‘ஸ்கேல் இமேஜ்’ பிக்சலை மாற்றும், ‘பிரின்ட் சைஸ்’ குறிப்பை மட்டும் மாற்றும். பிக்சலை டிபிஐயால் வகுத்தால் அங்குலம், அவ்வளவுதான் கணக்கு. 1600×1200 படம் 300 டிபிஐயில் 5.3×4 அங்குலத்துக்கு மேல் போகாது. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைப் பத்திரிகை அட்டை முழுக்கப் போடச் சொன்னால் டிசைனர் முகம் சுளிப்பது இதனால்தான். ஒரிஜினலை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸுக்கு இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். 10×8 அடி பேனரை 300 டிபிஐயில் திறந்தால் 36,000×28,800 பிக்சல், அதாவது நூறு கோடிக்கு மேல். கம்ப்யூட்டர் திணறும், பலன் எதுவும் இல்லை. சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 டிபிஐ, அதாவது 8640×6912 தாராளம்.

கிராப்பில் கை வைக்கும் முன் விகிதத்தைப் பாருங்கள். மொபைல் படம் பெரும்பாலும் 4:3. 4×6 பிரின்ட் 3:2. ஸ்டுடியோ மெஷின் தானாக வெட்டினால் உயரத்தில் சுமார் 11 சதவீதம் போய்விடும். குரூப் போட்டோவில் பின்வரிசைக்காரர் தலை போவது இப்படித்தான். எதை இழப்பது என்பதை மெஷினிடம் விடாமல் நாமே வெட்டிக் கொடுப்பது நல்லது. வெட்ட மனமில்லாமல், அகல-உயர விகிதத்தைப் பிடித்துவைக்கும் சங்கிலி ஐகானின் பூட்டைத் திறந்து இழுத்துப் பொருத்துவது இன்னும் மோசம். மாப்பிள்ளை ஒரு சுற்று பருத்துவிடுவார்.

மயிலை கபாலீஸ்வரர் கோபுரத்தை மொபைலைப் படுக்கவைத்து 4000×3000-ல் எடுத்திருக்கிறீர்கள், இப்போது செங்குத்துப் படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2:3-ல் வெட்டினால் மிஞ்சுவது 2000×3000, சரிபாதி. 8×12 அங்குலத்தில் 250 டிபிஐ வரும், அருமையாக இருக்கும். 12×18 போட்டால் 167-க்கு இறங்கும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க ஓகே, கையில் வைத்துப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். கோபுரம் சாய்ந்திருந்தால் முதலில் நிமிர்த்துங்கள், பிறகு வெட்டுங்கள். நிமிர்த்தும்போது நான்கு மூலைகளும் போகும். விளிம்பை ஒட்டி முன்னமே வெட்டியிருந்தால் கலசமும் சேர்ந்து போகும். அச்சுக்குப் போகும் டிசைனில் படம் தாளின் ஓரம் வரை வந்தால், நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடவும்; கட்டிங் மெஷின் ஒரு நூல் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு விழாது.

ஷார்ப்பன் செய்வது, அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குவது, எப்போதும் கடைசி. பெரிய படத்தில் ஷார்ப்பன் செய்துவிட்டுச் சுருக்கினால் அந்த வேலை வீண். சுருக்கிய பிறகு, திரையில் பார்க்கும் படத்துக்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற ஷார்ப்பன் கருவியில் ரேடியஸ் 0.5 முதல் 1 பிக்சல் வரை போதும்.

ஒரே ஜேபெக்கைத் திறந்து திருத்தி அதன் மேலேயே சேவ் செய்யும் பழக்கத்தையும் விடுங்கள். ஒவ்வொரு சேவிலும் கொஞ்சம் தரம் தேயும். ஒருமுறை சிறிதாக்கியதைத் திரும்பப் பெரிதாக்கினால் போன விவரம் வராது. ஒரிஜினலைத் தொடாமல், வேலைப் பிரதியை பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) அல்லது எக்ஸ்சிஎஃப் (கிம்ப்) ஃபைலாக வைத்து, ஜேபெக்கைக் கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிராப் கருவியில் ‘டெலீட் கிராப்டு பிக்சல்ஸ்’ டிக்கை எடுத்துவிட்டால் வெட்டிய பகுதி பிரதியிலேயே இருக்கும். நாளைக்கு வாடிக்கையாளர் மனம் மாறினாலும் பிரச்சினை இல்லை.

ஆனால் அந்த வசதியே வேறோர் இடத்தில் ஆபத்து. ஆதார் அட்டையை வேர்டில் ஒட்டி, எண் தெரியாமல் கிராப் செய்து அனுப்பினால், வாங்கியவர் அதே கிராப்பை இழுத்துத் திறந்து முழு அட்டையையும் பார்க்கலாம். ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ போய், வெட்டிய பகுதிகளை நீக்கும் தேர்வை டிக் செய்தால்தான் அது உண்மையில் போகும். 2023-ல் கூகுள் பிக்சல் போனின் மார்க்அப் கருவியிலும் விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் இதைப் போன்ற ஓட்டை வெளிவந்தது: வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டைப் பழைய ஃபைலின் மேலேயே சேவ் செய்தபோது, பழைய தரவின் வால்பகுதி ஃபைலுக்குள்ளேயே தங்கிவிட்டது, வெட்டியதில் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. இரண்டையும் அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு முன் பகிர்ந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை அப்டேட் திருத்தாது. வங்கிக் கணக்கு எண், முகவரி போன்றவற்றை வெட்டிப் போட்ட பழைய படங்கள் எங்காவது கிடந்தால் நீக்கிவிடுங்கள்.