முகாம் பெண்களின் பாதுகாப்பு: உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம் ஆகிய நான்கு இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. 1983 ஜூலைக்குப் பிறகு போருக்குத் தப்பிப் பல கட்டங்களாகப் படகேறி வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து இன்று தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் அங்கே வாழ்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் நம் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் வருகின்றன. ஆகவே முகாமில் ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ கொடுமை நேர்ந்தால், அதை முதலில் கேட்பவர் பெரும்பாலும் காவலரோ வழக்கறிஞரோ அல்லர். ஆசிரியை, அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், பங்குத்தந்தை, சுயஉதவிக் குழுவில் கூட இருக்கும் அக்கா என்று நம்மில் ஒருவர்தான். நல்ல மனத்தோடுதான் உதவப் போகிறோம். அப்படியும் சில தவறுகள் அவளை இன்னும் ஆழமான குழியில் தள்ளிவிடுகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாலியல் வன்முறையும் குடும்ப வன்முறையும் எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை. முகாம்காரர்களுக்கு மட்டுமே உரிய வழக்கம்போல அதைப் பேசுவது அநீதி. இடம்பெயர்ந்தவர்களின் நிலையில் வேறுபடுவது, தப்பிப்பதற்கான வழிகளின் எண்ணிக்கை. அடித்தால் போய் நிற்கத் தாய்வீடு பக்கத்தில் இல்லை. பலருக்கு அது கடலுக்கு அப்பால் இருக்கிறது. வெளியே சில நாள் தங்க வேண்டுமென்றால் முகாம் பதிவும் வருகைக் கணக்கும் குறுக்கே நிற்கின்றன. கணவனைப் போரில் பறிகொடுத்தவர்களும், அவன் எங்கே என்றே தெரியாமல் வாழ்கிறவர்களும் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிறார்கள். இந்த நெருக்கடியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

மிகப் பெரிய தவறு, ‘பேசித் தீர்த்துவிடலாம்’ என்று கிளம்புவது. முகாம் தலைவர், இரு வீட்டுப் பெரியவர்கள், சில சமயம் ஊர்ப் பிரமுகர் ஒருவர் எனக் கூடி உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்கவைத்து, ஒரு தொகையைப் பேசி, தாளில் கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்கள். முகாம் வீடுகள் நெருக்கமானவை. குற்றம் செய்தவன் மறுநாள் காலை அதே குழாயடிக்கு வருவான், அதே வரிசையில் நிற்பான். தண்டனை இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. துணை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதைவிடக் கொடியது, ‘அவனுக்கே கட்டிவைத்துவிடலாம்’ என்ற முடிவு. தன்னைச் சிதைத்தவனோடு ஆயுள் முழுக்க வாழச் சொல்வதைத் தீர்ப்பு என்று யாரும் அழைக்கக் கூடாது. பாலியல் வன்புணர்வு வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பஞ்சாயத்துப் பேசியவர்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

‘நீ இந்தியப் பிரஜை இல்லையே, வழக்குப் போட்டால் உனக்குத்தான் சிக்கல்’ என்பது அடுத்த தவறு. அக்கறையோடு சொல்லப்படுவதால் இது எளிதில் நம்பப்படுகிறது. ஹௌரா ரயில் நிலையத்தில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளான வங்கதேசப் பெண் ஒருவரின் வழக்கில், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமை இந்த மண்ணில் இருக்கும் அயல்நாட்டவருக்கும் உண்டு என்று 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் உறுதி செய்தது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது உண்மை. ஆனால் குற்றவியல் சட்டத்தின் பாதுகாப்புக்கும் அந்தக் கையெழுத்துக்கும் தொடர்பில்லை.

சட்டம் இருக்கிறது என்பதற்காக அவளுடைய பயத்தை ஒரு சொல்லில் தள்ளிவிடவும் கூடாது. பதிவு ரத்தாகுமோ, மாதப் பணக்கொடை நின்றுபோகுமோ, முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸார் வீட்டுக்கு வருவார்களோ என்று அவள் அஞ்சுவதற்கு வாழ்ந்த அனுபவம் காரணம். அந்த அச்சத்தை நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெற உதவ வேண்டும். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. அவளுடைய வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்.

நேரத்தை வீணாக்குவது உடலுக்கே ஆபத்து. அழுதபடி ஓடிவந்தவளைக் குளிக்கவைத்து, துணியைத் துவைத்துப் போட்டு, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று படுக்கவைப்பது இயல்பான தாய்மைச் செயல்தான். ஆனால் எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை 120 மணி நேரம் வரை பயன்படலாம். முன்னதாகப் போட்டால்தான் பலன் அதிகம். குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகலாம், போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லோருக்கும் தெரிந்த இடம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்; முதல் தகவல் அறிக்கை கொண்டுவா என்று கேட்கக் கூடாது. ஆனால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தெரிவிக்கும். இதைக் கிளம்பும் முன்பே அவளிடம் சொல்லுங்கள். தெரியாமல் போய் அங்கே காக்கிச் சட்டையைப் பார்த்து அதிர்ந்தால், அடுத்த முறை யாரையும் நம்ப மாட்டாள். கன்னித்தன்மை பார்க்கும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013-இலேயே கண்டித்தது. அதைச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று 2022-இல் அறிவித்தது. துணைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கர்ப்பம் உண்டாகியிருந்தால், வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது.

துருவித் துருவிக் கேட்காதீர்கள். எங்கே, எப்படி, அப்போது என்ன உடுத்தியிருந்தாய், ஏன் கத்தவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டால் அந்த நேரத்தை அவள் மறுபடியும் வாழ வேண்டியிருக்கிறது. நமக்குத் தெரிய வேண்டியது மூன்று செய்திகள்: இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாளா, காயம் உண்டா, அடுத்து என்ன வேண்டும் என்கிறாள். மற்றவை மருத்துவருக்கும் விசாரணை அதிகாரிக்கும் உரியவை. வயதுவந்த பெண் புகார் வேண்டாம் என்றால், வழிகளைச் சொல்லிவிட்டு அவள் முடிவை மதிக்க வேண்டும். போரும் இடப்பெயர்வும் எத்தனையோ முடிவுகளை அவள் கையிலிருந்து பறித்துவிட்டன. நாமும் சேர்ந்து ஒன்றைப் பறிக்க வேண்டாம்.

18 வயதுக்கு உட்பட்டவர் விஷயம் வேறு. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ‘உன்னைக் காப்பாற்ற ஒன்றிரண்டு பேரிடம் நான் சொல்லத்தான் வேண்டும், நீ தப்பு எதுவும் செய்யவில்லை’ என்று குழந்தையிடம் முன்பே சொல்லிவிடலாம். ‘வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பயப்படுவது’ என்று 16, 17 வயதில் திருமணம் முடிப்பதும் பாதுகாப்பு ஆகாது. படிப்பு நிற்கும், பிள்ளைப்பேறு ஆபத்தாகும், அடி விழுந்தால் வெளியேறும் வழியும் அடைபடும்.

வீட்டுக்குள் விழும் அடியைப் ‘புருஷன் பெண்டாட்டி சண்டை’ என்று ஒதுக்குவதும் பரவலான தவறு. முகாம் வாழ்க்கையில் வெளியாளைவிட வீட்டாளே பல பெண்களுக்கு ஆபத்து. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அடிக்காதே என்ற ஆணையையும், வீட்டை விட்டுத் துரத்தாதே என்ற ஆணையையும் நீதித்துறை நடுவரிடம் கேட்டுப் பெறலாம். 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் இயங்குகிறது, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்துக்கு 112.

படம் எடுப்பதும், வாட்ஸ்அப் குழுவில் ‘இந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள்’ என்று பெயரோடு பகிர்வதும் உதவி அல்ல. வன்புணர்வுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

கழிப்பறையும் விளக்கும் பெண்களைக் கேட்காமல் அமைக்கப்படுகின்றன. 2004 சுனாமிக்கும் 2017 ஒக்கிப் புயலுக்கும் பிறகு இம்மாவட்டத்தில் இடைக்காலத் தங்குமிடங்களில் இருந்தவர்களுக்கு இருட்டில் கழிப்பறைக்கு நடக்கும் பயம் புரியும். பேரிடர் நிவாரணத்துக்கான உலக அளவுகோல், பொதுக் கழிப்பறை என்றால் 20 பேருக்கு ஒன்றாவது வேண்டும், ஆண் பெண் தனித்தனியாக, உள்ளிருந்து தாழிடும்படி இருக்க வேண்டும் என்கிறது. கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

ஆண்களையும் சிறுவர்களையும் மறந்துவிடுகிறோம். போர்க்காலத் தடுப்புக் காவலில் பாலியல் சித்திரவதைக்கு ஆளான ஆண்கள் பலர் அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சிறுவர்களுக்கும் போக்சோ பொருந்தும். வயதுவந்த ஆணுக்கோ, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஆண் மீதான வன்புணர்வையும் தண்டிக்க உதவிய பழைய 377-ஆம் பிரிவுக்கு ஈடான பிரிவே இல்லை. இது சட்டத்தில் உள்ள ஓட்டை. அதனால் சிகிச்சையும் மனநல உதவியும் மறுக்கப்படக் கூடாது.

கடைசியாக, வழி சொல்லிவிட்டு விலகிவிடாதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவளுக்கு ஆசாரிப்பள்ளத்துக்கு ஒரு நாள் போவது என்றால் ஒரு நாள் சம்பளம் போகிறது. பஸ் கட்டணம், மாற்று உடை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், முகாமில் வருகைக் கணக்கு எடுக்கும் நாளாக இருந்தால் அதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு ஆகியவற்றை யார் பார்ப்பது என்று அன்றே பேசி முடிவு செய்யுங்கள். இரண்டாம், மூன்றாம் முறை மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்போதும் அதே ஆள் கூடப் போவது நல்லது.